ஒத்துக்கொள்ளாமல் போகலாம்

ஜனவரி 9, வியாழன்

இன்று நான்கு தாள். மூன்று மாத்திரை, ஒரு கண் மருந்து. கண் மருந்துத் தாளைப் படித்தே கண் எரிந்தது.

புதிதாகச் சேர்ந்த கணக்காளர் பெண் என் வேலை என்னவென்று கேட்டாள். மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, அது ஆங்கிலத்தில் வரும், ஒருவர் தமிழாக்குவார், அந்தத் தமிழ் மட்டும் என்னிடம் வரும், மூலத்தைப் பார்க்காமல் நான் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவேன், இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து இன்னொருவர் ஒப்பிடுவார், பொருந்தினால் தமிழ் சரி என்று அர்த்தம், அச்சுக்குப் போகும் என்றேன். தமிழ் தெரிந்தவரே ஒரு தடவை பார்த்துச் சொன்னால் போதாதா என்றாள். ஒப்பிடுகிறவருக்குத் தமிழ் தெரியாது, தெரியவும் கூடாது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைத்தான் சேர்ந்த புதிதில் நானும் மேலாளரைப் பார்த்தேன்.

இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்போதோ போய்விட்டது. தமிழாக்குகிறவர் போக்கு. நான் வரத்து. ஒப்பிடும் அம்மாள் தராசு. வாசல் காவலாளி வைத்த பெயர்கள், ஒட்டிக்கொண்டுவிட்டன. போக்கும் வரத்தும் தாளைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. இரண்டு அறை, நடுவில் ஜெராக்ஸ் மிஷின். எதிர்ப்பட்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்வோம். பதிலுக்கு யாரும் நிற்பதில்லை.

ஜனவரி 22, புதன்

மதியம் தாள் வரவில்லை. சும்மா இருந்த நேரத்தில் யோசித்தேன். ஒன்று நமக்குக் கெடுதல் செய்யும் என்று சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தை. ஹார்ம்ஃபுல் வீட்டு உடுப்போடு எங்கும் வருவார். டெட்ரிமென்டல் அதே ஆள், மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். டெலிட்டீரியஸ் கோட்டும் போட்டிருப்பார். அவரை வக்கீல்களைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. இஞ்சூரியஸ் சிகரெட் பெட்டியோடு நின்றுவிட்டார். டாக்ஸிக் முன்பு விஷத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார், இப்போது மாமியார், மேலாளர், பழைய காதலன் எல்லோருக்கும் வருகிறார். நாக்ஸியஸ் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஹசார்டஸ் லாரிக்குப் பின்பக்கம் ஒட்டியிருப்பார். அட்வர்ஸ் பக்கவிளைவுகளைச் சொல்ல வருவார், அவர் இல்லையென்றால் எனக்குச் சம்பளமே இல்லை.

இன்ஸிடியஸ் என்று ஒன்று இருக்கிறது. வெளியே தெரியாமல் உள்ளேயே இருந்து கெடுப்பது. அது என் மேஜைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. மருந்துத் தாள் எழுதுகிறவர்களுக்கு அதைப் பிடிக்காது போல.

தமிழிலும் இல்லாமல் இல்லை. கேடு, தீங்கு, ஊறு. வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? உடம்புக்கு ஆகாது என்போம், விஷயம் முடிந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

பழைய வலி மாத்திரை ஒன்றுக்குப் புதிய தாள். பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் 'சிறுநீரகத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்' என்று போக்கு எழுதியிருக்கிறார். அவருடைய ஒத்துக்கொள்ளாமல் போகலாம் எனக்குப் பழக்கமானது. 'உங்கள் மருத்துவர்' என்றும் எழுதமாட்டார், 'உங்களைப் பார்க்கும் மருத்துவர்' என்பார், ஏதோ மருத்துவர் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது போல. முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. எழுத்து மட்டும் தண்ணீர் பட்ட பாடு.

ஹார்ம்ஃபுல் என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அரைமணியில் தராசு பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மண்டையா என்று கேட்டார். பெருமையாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனுக்கு இடுப்பு வலி. இத்தனை வருஷம் தொலைதூர பஸ் ஓட்டினால் இடுப்பு என்ன செய்யும். மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். பார்த்தால் பிப்ரவரியில் வந்த அதே மாத்திரை.

இந்த ஊரில் மருந்துத் தாளை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படிக்கிற ஒரே மனுஷன் என் அண்ணன்தான். தங்கச்சி எழுதியதாம். நான் எழுதியது ஆங்கிலம், அது யார் கண்ணுக்கும் வராது என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது. சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்தான். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கவனிக்கவும் என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னான். இருபத்திரண்டு வயது மகனை வைத்திருக்கிறவள், தலையில் குட்டினாள்.

படித்து முடித்ததும் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். அது எனக்கே வராது. விரித்தால் விரித்ததுதான்.

மே 6, செவ்வாய்

அண்ணன் புதுச் செருப்பு வாங்கினான். பழையது கடிக்கிறதாம். அண்ணி கால் வீங்கியிருக்கிறது என்கிறாள், அவன் செருப்பு சுருங்கிவிட்டது என்கிறான்.

ஜூன் 20, வெள்ளி

ஐந்து தாள். வேறொன்றுமில்லை.

ஜூலை 14, திங்கள்

ஓட்டுநர்களுக்கு வருஷப் பரிசோதனை. அண்ணனை மட்டும் ரத்தம் மறுபடி எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊசி குத்தின பொண்ணு கைராசியில்லாதவ என்றான். டிப்போவில் வண்டியை இப்போதைக்கு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுத வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். எங்கே ஆரம்பிக்க.

சிறுநீரக மருத்துவர் இளம்பெண். நிதானமாகப் பேசினார். ரத்த அழுத்தம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவைத்திருக்கிறது, மேலே ஏதோ வேகமாகத் தள்ளிவிட்டிருக்கிறது என்றார். போனது திரும்பாது. மிச்சத்தையும் எவ்வளவு நாள் காப்பாற்ற முடியும் என்று தெரியவில்லை. அண்ணன், எனக்கு ஒரு வலியும் இல்லையே டாக்டர் என்றான். அதுதான் விஷயம், இது இன்ஸிடியஸாக வருவது என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"என்னம்மா சொல்றாங்க?"

என் தொழிலே அதுதான். மேஜை மேல் சிறுநீரகத்தின் பிளாஸ்டிக் பொம்மை இருந்தது, இரண்டாகத் திறக்கிற மாதிரி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்.

"சொல்லாம கொள்ளாம வர்றதுண்ணா."

"விருந்தாளி மாதிரி," என்றான்.

மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வலி மாத்திரை ஏதாவது எடுப்பீர்களா என்று கேட்டார். மார்ச்சிலிருந்து, தினமும் இரண்டு, நீண்ட ரூட் என்றால் மூன்று. மாத்திரையின் பெயரைச் சொன்னான். மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அழுதாள். நான் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன் போல, அண்ணிதான் குழாயை மூடினாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். அந்தத் தாளை முழுசாகப் படித்தாயே, பத்து நாள் என்று போட்டிருந்ததே, ஏன் நிறுத்தவில்லை?

"படிச்சுத்தானே சாப்பிட்டேன். கிட்னிக்கு ஒத்துக்காம போகலாம்னு இருந்துது. எனக்கு ஒத்துக்கிச்சே. வாந்தி இல்லே, அரிப்பு இல்லே, வயிறு கெடலே. ஒத்துக்காட்டி தெரியும்ல, அப்ப நிறுத்திக்கலாம்னு இருந்தேன்."

சரி என்றேன். மாடிக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அலுவலகம் போனேன். ஏழு தாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தேன். வருத்தமா என்றால் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவர் கன்னம் போல இருக்குமே, உடம்பு பூராவும் அப்படி இருக்கிறது.

இன்று அந்த வாக்கியத்தை எழுதிவைத்துப் பார்த்தேன். போக்கைத் தெரியாதவளாக, வேறு ஊர்க்காரியாக, முதல் தடவையாக. ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் உடனே தெரியும், கை அரிக்கும், அடுத்த தடவை ஒதுக்கிவைப்பேன். அதுதான் அந்த வார்த்தை. உடம்பு நமக்குச் சொல்லிவிடும் என்கிற வார்த்தை. அதற்கு நேர் ஆங்கிலம் ஹார்ம்ஃபுல் இல்லை. அன்று நான் அந்தத் தமிழைப் படித்தேனா? படிக்கவே இல்லை. போக்கைப் படித்தேன். அவர் மனசில் இருந்ததை எடுத்து எழுதிக்கொடுத்தேன். தராசு இரண்டு ஆங்கிலத்தையும் பார்த்தார், ஒரே அச்சாக இருந்தன, பச்சை மை போட்டார். நடுவில் இருந்த தமிழை யாருமே பார்க்கவில்லை.

அண்ணன் பார்த்தான். அவன் ஒருத்தன்தான் அதில் என்ன இருந்ததோ அதைப் படித்தவன்.

நான் சரியாகத் திருப்பியிருந்தால் தராசு அன்றே சிவப்பில் சுழித்திருப்பார். ஐந்து நிமிஷ வேலை. ஐயோ, ஐந்து நிமிஷம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தராசிடம் சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த எல்லாத் தாளையும் தோண்ட வேண்டும். என் வேலை போகலாம். போக்கின் வேலை நிச்சயம் போகும். சொல்லாவிட்டால் அந்தத் தாள் பெட்டிக்குள் போய்க்கொண்டேயிருக்கும். இன்றைக்கும் யாராவது அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்லவில்லை. ஆறு தாள் முடித்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் போக்கைப் பிடித்தேன். சாப்பிட்டாச்சா என்றார். உங்களிடம் ஒரு தாளைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். கையில் இருந்த பேப்பர் கட்டை மிஷின் மேல் வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

மாத்திரையின் பெயரையும் வரியையும் சொன்னேன். அண்ணனைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. வெகுநேரம் மிஷினின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"என் மனைவி பிரஷர் மாத்திரைத் தாளைப் படிச்சுட்டு பயந்துபோய் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டா, மேடம். எனக்குத் தெரியாது. அவளுக்கு கை கால் ஒரு பக்கம் விழுந்துடுச்சு, அப்புறந்தான் தெரிஞ்சுது. அதுலேருந்து கெடுதல்னு எழுத கை வரல்லே. பயப்படுத்தாம சொல்லணும்னு பார்த்தேன்."

தராசு பிடித்துவிடுவார் என்ற பயம் இல்லையா என்று கேட்டேன்.

"நீங்க இருந்தீங்களே. நான் எப்படி எழுதினாலும் நீங்க சரியாத்தான் திருப்புவீங்கன்னு தெரியும். உங்களை நம்பித்தான் எழுதினேன்."

கோபப்படலாம் என்றுதான் போனேன். கோபம் வரவில்லை. பாவமாகவும் இல்லை. அவர் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு, தராசிடம் நீங்கள் சொல்வீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நான்தான் என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சொல்லிவிட்டேன். தராசுக்குப் புரிய நேரம் எடுத்தது. இரண்டு ஆங்கிலமும் பொருந்தியதே, பிறகு எங்கே தவறு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொருந்தியதுதான் தவறு என்றேன். அவர் முகம் மாறியது. கதவைச் சாத்தச் சொன்னார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று வீட்டில் சொன்னேன். அலுவலகத்தில் சொன்னது பெரிசில்லை.

அண்ணன் இடுப்புக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணி முதலில் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு புரிந்தது.

"உன் கை பட்ட தாளுன்னுதானே அவர் நம்பினார்," என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணன் ஓட்டுநர் கதை ஒன்றைச் சொன்னான். நான் கேட்டதே இல்லை. பழகிய கண்டக்டர் என்றால் விசில் வருவதற்கு முன்பே கால் ஆக்ஸிலேட்டருக்குப் போய்விடுமாம், இந்நேரம் ஊதியிருப்பான் என்று உடம்புக்கே தெரியுமாம். ஒரு நாள் அப்படித்தான் எடுத்தான். அந்த ஆள் இன்னும் ஊதவில்லை. படியில் ஒரு அம்மா.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"கை உடைஞ்சுது. அப்புறம் நான் புதுக் கண்டக்டர் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். அவன் நல்லவன்தான். நல்லவன்கிறதாலதான் எனக்குக் கண்ணு தெரியலே."

கெடுதல் என்று போட்டிருந்தால் நிறுத்தியிருப்பாயா என்று கேட்டேன். என்ன பதிலை எதிர்பார்த்தேன்? தெரியவில்லை.

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதேம்மா. எனக்கே தெரியாது."

செப்டம்பர் 16, செவ்வாய்

அந்த மாத்திரைத் தாளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எங்கள் பழைய தாள்களை வெளியாட்கள் பார்க்கிறார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், சம்பள உயர்வு கிடையாது. போக்கு அவராகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் அறை வாசலில் நின்று சாப்பிட்டாச்சா என்றார். ஆச்சு என்றேன். இந்தத் தடவை பதிலுக்கு நின்றார்.

புது விதி: இனி தமிழ் வெளியிலிருந்து வரும், யார் எழுதியது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். எழுத்தைப் பார்த்து ஆள் தெரிந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வரத்து விதி என்கிறார் காவலாளி.

அண்ணி இன்னும் பேசவில்லை. எனக்கும் தட்டு வைக்கிறாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணனின் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்திருக்கிறார்கள், டயாலிசிஸ் மிஷினில் போடுவதற்கு. தைத்த இடத்தில் கையை வைத்துப் பார் என்றான். வேண்டாம் என்றேன். கையைப் பிடித்து இழுத்து வைத்தான். உள்ளே கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி ஸ்டார்ட்டிங்லேயே நிக்குது பாரு," என்றான்.

கையை எடுக்கத் தோன்றவில்லை. அண்ணி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ரெண்டு பேரும் டீ குடிக்கிறீங்களா என்று கேட்டாள். ரெண்டு பேரும் என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

முதல் டயாலிசிஸ். பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்கிவிட்டார், இவன் தூங்கவில்லை. மிஷினின் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். டிப்போவில் டிக்கெட் கவுன்டரில் போடுகிறார்களாம். ஸ்டியரிங் இல்லாத வேலை.

புதிய மாத்திரைகள் நிறைய. எந்தப் பெட்டியின் தாளையும் அவன் விரிக்கவில்லை. எல்லாம் கடையில் மடித்த மடிப்பிலேயே இருக்கின்றன.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் அண்ணனை மிஷினில் விட்டுவிட்டு அலுவலகம் போனேன். அண்ணி அவன் கூட இருக்கிறாள். போகும்போது என் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தாள்.

மேஜையில் ஒரு தாள். வலி மாத்திரை, வேறு கம்பெனி, அதே சரக்கு. முதல் பத்தியைத் திருப்பினேன். இரண்டாம் பத்தியில் 'உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள்' என்று இருந்தது.

விரல் நின்றுவிட்டது. போக்கு எங்கேயோ உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். விதியே என்னால் வந்ததுதான். இன்னும் ஒரு வரி படித்தேன்.

'தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யும். வலியோ வேறு அறிகுறியோ இல்லாமல், உங்களுக்குத் தெரியாமலே செய்யும்.'

மூலத்தில் என்ன வார்த்தை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அன்று மருத்துவர் சொன்ன அதே வார்த்தை. இத்தனை வருஷத்தில் அது முதல் தடவையாக என் மேஜைக்கு வந்திருக்கிறது. முதல் எழுத்தைத் தட்டியும்விட்டேன்.

அழித்தேன். தாளின் மேலே, இவரை எனக்குத் தெரியும், வேறு ஒருவரிடம் கொடுக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தராசின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் தாளையும் என்னையும் பார்த்துவிட்டு, அதைத் தனியாக எடுத்துவைத்தார்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆகஸ்டிலிருந்து வராதது. முகம் கழுவி வந்து அடுத்த தாளை எடுத்தேன். யாருடையது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன்.